மூச்சு வாங்கினால் பாட்டு நின்றுவிடாது



நாலு பேர் சேர்ந்து சுவாமி பாட்டுப் பாடுகிற இடத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். பாட்டின் அர்த்தம் முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பாஷைகூட நம்முடையதாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நடுவில் ஓர் இடத்தில் தொண்டையை அடைக்கிறது, கண் தளும்புகிறது. "என்னம்மா ஆச்சு?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், "ஒண்ணுமில்லே, கண்ணிலே தூசி" என்று முந்தானையால் ஒற்றிக்கொள்கிறோம். நம்மில் பல பேருக்கு இந்த அனுபவம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சென்ற இதழில் மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் சளித் தொல்லை பற்றிப் பார்த்தோம். இந்த முறை உடம்பைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு மனசைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு கடிதம்.

எழுதியவர் கோவைப் பக்கத்து வாசகி ஒருவர். பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு அவருடைய எட்டு மாதக் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிற்று. வைத்தியத்திலும் குறை இல்லை, வேண்டுதலிலும் குறை இல்லை. அன்றிலிருந்து அவர் பூஜையறைப் பக்கம் போவதில்லை. விளக்கேற்றுவது மாமியார்தான். மூத்தவள் கான்வென்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். டிசம்பரில் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பெற்றோர்களை அழைத்திருக்கிறார்கள். மகள் முன் வரிசையில் நிற்கிறாள். பின்னால் பெரிய வகுப்புப் பெண்களும் டீச்சர்களும். எல்லோரும் சேர்ந்து, குரல்களைப் பிரித்துப் பின்னிப் பாடியிருக்கிறார்கள். குழந்தை போன அன்றுகூடக் கல் மாதிரி உட்கார்ந்திருந்த இந்தப் பெண், அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி விம்மி விம்மி அழுதிருக்கிறார்.

"எனக்கு இப்போ எந்தச் சாமி மேலேயும் நம்பிக்கை இல்லீங்க. அப்புறம் எதுக்கு அந்தப் பாட்டு என்னை இப்படி ஆட்டி வைக்குது? எங்க சாமியை விட்டுட்டு வேற சாமி பாட்டுக்கு அழுதது தப்பா? இல்லே, நம்பிக்கையே இல்லாம அழுதது பாசாங்கா?" என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

"தப்பில்லை அம்மா, தைரியமாக இருங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அது அந்தக் கேள்விகளுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அவை பெரிய கேள்விகள். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

சேர்ந்து பாடும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

இது வீட்டுக்கும் ஆரோக்கியத்துக்குமான பத்திரிகை. ஆகவே முதலில் உடம்பு. பாடுவது என்பது அடிப்படையில் மூச்சு விடுகிற வேலை. சட்டென்று மூச்சை இழுத்து, ஓர் அடி முடிகிற வரைக்கும் மெள்ள மெள்ள வெளியே விட வேண்டும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். இது எல்லோருக்கும் இயல்பானது. பத்துப் பேர் ஒரே பாட்டை ஒரே தாளத்தில் பாடினால் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிறார்கள், ஒரே நேரத்தில் விடுகிறார்கள். இதயங்கள் என்ன செய்யும்? அவையும் சேர்ந்துகொள்கின்றன. சுவீடன் நாட்டில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், பதினெட்டு வயது மாணவர்களைச் சேர்ந்து பாடவைத்து அவர்கள் இதயத் துடிப்பை அளந்தார்கள். 2013-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. தேவாலயப் பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடியபோது, அவர்களுடைய இதயத் துடிப்பின் வேகம் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கியது.

பாடுகிறவர்களுக்குத்தானே இது, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு என்ன என்று கேட்பீர்கள். நல்ல பாட்டைக் கவனித்துக் கேட்கும்போது நம் மூச்சும் அதனோடு கொஞ்சம் ஒத்துப்போகப் பார்க்கும். துக்கத்தில் இருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நெஞ்சுக்கு மேலேயே மூச்சு விடுவார்கள், நடுநடுவே பெருமூச்சு. வரிந்து கட்டிக்கொண்டு இருக்கிற அந்த மார்பு கொஞ்சம் தளர்ந்தாலே, அடக்கிவைத்தது வெளியே வரும். அங்கே முன் வரிசையில் பெற்ற மகளே நின்று பாடிக்கொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்!

சேர்ந்திசைக் குழுக்களில் இன்னொரு பழக்கம் உண்டு. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு அதுதான் அச்சாணி. சில பாட்டுகளில் ஒரே ஸ்வரத்தை வெகுநேரம் நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். யாருடைய மூச்சும் அவ்வளவு தூரம் வராது. அப்போது குழுவினர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, ஆளுக்கு ஓர் இடத்தில் மூச்சு வாங்குவார்கள். நீங்கள் நிறுத்தும்போது பக்கத்தில் இருப்பவள் பாடிக்கொண்டிருப்பாள். நீங்கள் மூச்சு எடுத்துக்கொண்டு மெதுவாகச் சேர்ந்ததும் அவள் நிறுத்துவாள். கேட்கிறவர்களுக்குப் பாட்டு ஒரு கணமும் அறுபடாது. யார் எப்போது நிறுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தியவளைக் குழுவிலிருந்து யாரும் தள்ளிவைப்பதும் இல்லை.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இனி, அந்த வாசகி கேட்ட பாட்டு எந்த மரபிலிருந்து வந்ததோ, அந்த ஐரோப்பிய தேவாலய இசை மரபிலிருந்தே இரண்டு பேருடைய கதையைச் சொல்கிறேன். இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள். இருவரும் நண்பர்கள். ஒருவருக்கு அசைக்க முடியாத பக்தி. மற்றவருக்குக் கோயிலும் வேண்டாம், குருவும் வேண்டாம்.

மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன்

அன்டனின் த்வோர்ஷாக் செக் நாட்டுக்காரர். 1841-ல் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தவர். அப்பா கசாப்புக் கடையும் சத்திரமும் நடத்தியவர். த்வோர்ஷாக் பிராக் நகரத்துக்கு வந்து, வயோலா வாசித்தும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தும், ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் குடும்பம் நடத்தினார். மனைவி அன்னாவும் பாடத் தெரிந்தவர்.

1875 ஆகஸ்டில் அவர்களுக்கு யோசெஃபா என்ற பெண் குழந்தை பிறந்தது. இரண்டே நாளில் இறந்துபோயிற்று. அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் த்வோர்ஷாக் ஒரு பெரிய இசைப்படைப்புக்கு வரைவு எழுதினார். அதன் பெயர் 'ஸ்டாபட் மாட்டர்'. லத்தீன் மொழியில் 'தாய் நின்றாள்' என்று பொருள். சிலுவையில் தொங்கும் மகனைப் பார்த்துக்கொண்டு அடியில் நிற்கும் மரியாளைப் பற்றி, நடுக்காலத்தில் எழுதப்பட்ட பழைய பாட்டு அது. வரைவை முடித்தார்; பிறகு வேறு வேலைகள் வந்ததால் எடுத்து வைத்துவிட்டார்.

1877 வந்தது. ஆகஸ்டு மாதம், ஒரு வயதுகூட நிரம்பாத ருஷேனா என்ற பெண் குழந்தை, வீட்டில் இருந்த பாஸ்பரஸ் கரைசலைக் குடித்துவிட்டு இறந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 8-ந் தேதி, மூன்று வயது மகன் ஓடகார் பெரியம்மை கண்டு போய்விட்டான். அன்று த்வோர்ஷாக்கின் முப்பத்தாறாவது பிறந்த நாள். நிறைந்திருந்த வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எடுத்து வைத்த காகிதங்களைத் திரும்பக் கையில் எடுத்தார். நவம்பர் 13-ந் தேதி படைப்பு முழுமையாக முடிந்துவிட்டது. நாலு தனிக்குரல்கள், பெரிய பாடகர் குழு, வாத்தியக் குழு; பாடி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். தொடக்கத்தில் ஒரே ஸ்வரம், ஸ்தாயி ஸ்தாயியாக மேலே ஏறிக்கொண்டே போகும். மலை அடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அப்புறம் அங்கிருந்து இசை படிப்படியாக இறங்கிவரும். தேம்பித் தேம்பி இறங்குகிற மாதிரியான இறக்கம். முதல் பகுதி மட்டுமே கால் மணி நேரத்துக்கு மேல். அவசரமே இல்லை. "போதும், கண்ணைத் துடைச்சுக்கோ" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பத்தாவது பகுதியில், ஆரம்பத்தில் வந்த அதே துக்க இசை மறுபடி வந்து, பிறகு வெளிச்சமாக மாறும். ஓர் இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் அடங்கிவிட, வெறும் மனிதக் குரல்கள் மட்டும் எழும்பி நிற்கும்.

1880 டிசம்பரில் பிராக் நகரத்தில் முதன்முதலாகப் பாடினார்கள். 1884 மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் த்வோர்ஷாக்கே நடத்தினார். அன்று பாடியவர்கள் மட்டும் எண்ணூறு பேருக்கு மேல். ஓர் ஏழை ஆர்கன் வாத்தியார் வீட்டுத் துக்கத்தை எண்ணூறு பேர் தூக்கிப் பிடித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! அந்தத் தம்பதிக்குப் பின்னால் ஆறு குழந்தைகள் பிறந்தார்கள். த்வோர்ஷாக் கடைசி வரை கடவுள் நம்பிக்கை குறையாதவர். தம் கைப்பிரதிகளின் முடிவில் 'கடவுளுக்கு நன்றி' என்று எழுதும் வழக்கம் உடையவர்.

நம்பிக்கை இல்லாதவர் எழுதிய ஆறுதல்

மற்றவர் யோஹான்னஸ் பிராம்ஸ். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 1833-ல் பிறந்தவர். அம்மா தையல் வேலை செய்தவர். கணவரைவிடப் பதினேழு வயது மூத்தவர். பிராம்ஸுக்கு அம்மாவிடம் உயிர். நம் மாதிரிப் பெண்கள் சேர்ந்து பாடுவதிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. ஹாம்பர்கில் 1859-லிருந்து சில ஆண்டுகள் பெண்கள் மட்டுமே பாடிய ஒரு குழுவை நடத்தினார்.

1865 பிப்ரவரி 2-ந் தேதி அம்மா இறந்துபோனார். பிராம்ஸ் அப்போது வியன்னாவில் இருந்தார். தகவல் வந்து ரயிலேறி ஓடிவந்தும் உயிரோடு முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் முனைந்து எழுதியதுதான் 'ஜெர்மன் ரெக்வியம்'. ரெக்வியம் என்பது இறந்தவர்களின் ஆத்ம சாந்திக்காகக் கத்தோலிக்க தேவாலயங்களில் லத்தீன் மொழியில் பாடுகிற வழிபாடு. பிராம்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் மொழி பைபிளிலிருந்து தமக்கு வேண்டிய வசனங்களைத் தாமே பொறுக்கி எடுத்துக் கோத்தார். இறந்தவர்களுக்காக வேண்டுவதைவிட, இருந்து அழுகிறவர்களைத் தேற்றுவதிலேயே அவர் கவனம் போயிற்று. முதல் பகுதியில் வயலின்களையே வாசிக்க விடவில்லை. தணிந்த குரலில் பேசுகிற வாத்தியங்கள் மட்டும் போதும் என்று வைத்தார். துக்க வீட்டுக்குள் நுழையும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோமே, அந்த மாதிரி.

ஒரு விஷயம் பலர் கண்ணில் பட்டது. முழுப் படைப்பிலும் இயேசுவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை! பிரேமன் நகரத்துத் தேவாலயத்தில் இதை அரங்கேற்றப் பொறுப்பேற்றிருந்த இசை நடத்துநர் ரைன்தாலர், 'கிறிஸ்துவின் மீட்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது வேண்டாமா?' என்ற தோரணையில் கடிதம் எழுதினார். பிராம்ஸ் மசியவில்லை. தலைப்பில் இருக்கும் 'ஜெர்மன்' என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டு 'மனிதர்' என்று போட்டுவிடத் தாம் தயார் என்ற பொருளில் பதில் எழுதினார். 1868 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று பிரேமன் தேவாலயத்தில் அவரே நடத்தினார். அவருடைய அப்பாவும் வந்திருந்தார். குறையாகப் பட்டதை நிறைவு செய்வதற்காக, ஹாண்டல் இயற்றிய 'மெசையா'விலிருந்து மீட்பரைப் பற்றிய ஒரு பாட்டையும் அந்த நிகழ்ச்சியில் சேர்த்துப் பாடவைத்தார்கள்!

அதற்குப் பின் பிராம்ஸ் இன்னும் ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தார். ஐந்தாவது பகுதி. பெண் குரல் ஒன்று தனியாக உயரத்தில் பாட, பின்னால் குழு மெல்லிய குரலில் துணைக்கு வருகிறது. தாய் தன் பிள்ளையைத் தேற்றுகிற தேற்றலைப் பற்றிய வசனம் அது. அம்மாவை நினைத்துத்தான் எழுதினார் என்று நெருங்கிய நண்பர்கள் நம்பினார்கள். ஏழு பகுதிகளும் சேர்ந்து 1869 பிப்ரவரியில் லைப்சிக் நகரத்தில் பாடப்பட்டன.

இந்த பிராம்ஸ்தான், பெயர் தெரியாமல் இருந்த த்வோர்ஷாக்கைப் பதிப்பாளருக்குச் சிபாரிசு செய்து உலகத்துக்குக் காட்டியவர். அந்தச் சிபாரிசு நடந்ததும் 1877-ல்தான், த்வோர்ஷாக் பிள்ளைகளைப் பறிகொடுத்த அதே ஆண்டின் கடைசியில். பல ஆண்டுகள் கழித்து பிராம்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இவ்வளவு உயர்ந்த ஆத்மா, ஆனால் எதிலும் நம்பிக்கை இல்லாதவராக இருக்கிறாரே என்று த்வோர்ஷாக் வருத்தப்பட்டதாக அவருடைய மருமகன் சூக் சொல்லியிருக்கிறார். அதனால் நட்பு கெட்டுப்போகவில்லை.

இன்றைக்கு ஐரோப்பாவில் ஒரே பாடகர் குழு, இந்த மாதம் ஒருவருடையதைப் பாடும். அடுத்த மாதம் மற்றவருடையதைப் பாடும். குழுவில் நிற்கிறவர்களில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. 'உனக்கு நம்பிக்கை இருக்கிறதா?' என்று வாசலில் நின்று பரீட்சை வைத்து உள்ளே விடுவதில்லை. பாடுகிற நேரத்தில், கேட்கிற நேரத்தில், ஒவ்வொருவரும் தனக்குள்ளே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்கள். நான் எதை நம்புகிறேன்? எதை நம்பிக்கொண்டிருந்தேன்? இப்போது மிச்சம் என்ன? தனியாக இருட்டில் உட்கார்ந்து கேட்டால் பயமுறுத்துகிற கேள்விகள் இவை. நூறு குரல்களுக்கு நடுவே கேட்டுக்கொள்ளும்போது தாங்க முடிகிறது.

நம் வீட்டு வாசலிலும் உண்டு

இதெல்லாம் வெள்ளைக்காரர் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். மார்கழியில் நாம் பாடுகிற திருப்பாவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டாள் தனியாகப் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்ததாகவா பாடியிருக்கிறாள்? தோழிகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். முப்பது பாசுரங்களில், ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்கள், இன்னும் எழுந்து வராத பெண்களை வாசலில் நின்று எழுப்புவதற்கே போய்விடுகின்றன! 'அவள் தூங்கட்டும், நாம் போவோம்' என்று விட்டுவிட்டுப் போகவில்லை. கேலி செய்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், காத்திருக்கிறார்கள். பக்திக்கே மூன்றில் ஒரு பங்கு நேரம் பின்தங்கியவளுக்காகக் காத்திருப்பதில் போகிறது என்றால், அதில் நமக்கு ஒரு சேதி இல்லையா?

சாமியிடம் கோபம் வந்தால் பக்தி போயிற்று என்று அர்த்தமா? சுந்தரமூர்த்தி நாயனாரைக் கேளுங்கள். இரண்டு கண்ணும் பார்வை போன நிலையில், சிவபெருமானோடு நேருக்கு நேர் சண்டை போட்டுப் பாடியவர் அவர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மற்றொரு கண் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் கோபப் பாட்டுகளை யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் மரியாதையோடு வைத்து, இன்றைக்கும் ஓதுவார்கள் சந்நிதியிலேயே பாடுகிறார்கள்.

தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் சபையார் எல்லோரும் சேர்ந்து பாடுகிற கீர்த்தனைகளில் பல, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை. 1774-லிருந்து 1864 வரை வாழ்ந்தவர். ராகமும் தாளமும் நம்முடையவை. ஆகவே 'நம் பாட்டு, வேற்றுப் பாட்டு' என்று நாம் போடுகிற கோடு, பாட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

மூன்று கேள்விகளுக்கும் பதில்

நம்பிக்கை இல்லாதபோது பாட்டு ஏன் ஆட்டிவைத்தது? தேற்றல் வேண்டும் என்பதற்கு நம்பிக்கை முன்பணம் இல்லை சகோதரி. பிராம்ஸுக்கும் அது வேண்டியிருந்தது. தனக்குக் கிடைக்காததைத் தானே உண்டாக்கி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் துக்கம் ஓர் ஆண்டாக உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. அத்தனை குரல்கள் சேர்ந்து அதற்கு இடம் விட்டன.

வேறு சாமி பாட்டுக்கு அழுதது தப்பா? தப்பில்லை. பெற்ற மகள் பாடுகிறாள், தாய் அழுகிறாள். இதில் கோபித்துக்கொள்கிற சாமி எந்த மதத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பாசாங்கா? பாசாங்கு என்பது இல்லாததைப் பிறர் பார்க்கக் காட்டுவது. நீங்களோ இருந்ததை யாரும் பார்க்காமல் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பெயர் பாசாங்கு இல்லை.

ஒன்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். 'அழுதீர்கள் அல்லவா, அப்படியானால் உள்ளுக்குள் பக்தி இருக்கிறது, சீக்கிரம் திரும்பி வந்துவிடும்' என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வரலாம், வராமலும் போகலாம், வேறு உருவத்தில் வரலாம். அது உங்களுக்குள்ளே நடக்க வேண்டிய சம்பாஷணை. நீங்கள் இப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது யார் தெரியுமா? தினமும் விளக்கேற்றுகிற உங்கள் மாமியார். அவருக்கும் அது பேரக்குழந்தைதானே? ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குச் சாமி மேலே கோபமே வரலையா அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒரு துணை கிடைக்கக்கூடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதே நிலையில் இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும், அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கும் சில யோசனைகள்:

* வாரத்தில் ஒரு நாள், குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து, இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். சேர்ந்து பாடுகிற பாட்டாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திருப்புகழோ, தேவாரமோ, கீர்த்தனையோ, பிராம்ஸின் ஐந்தாவது பகுதியோ, எதுவானாலும் சரி. யூ டியூப்பில் எல்லாமே கிடைக்கின்றன. காய் நறுக்கிக்கொண்டே கேட்பது வேறு; கையைச் சும்மா வைத்துக்கொண்டு கேட்பது வேறு.

* பாட்டு முடிந்தவுடன் அடுத்ததற்குத் தாவாதீர்கள். இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். எந்த இடத்தில் மனசு அசைந்தது என்று மட்டும் யோசியுங்கள். முடிந்தால் வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தால் உங்களுக்கே உங்களைப் பற்றி ஏதாவது தெரியும்.

* பக்கத்தில் பஜனைக் குழுவோ, திருப்புகழ் வகுப்போ, தேவாலயப் பாடகர் குழுவோ இருந்தால் போய்ச் சேருங்கள். "எனக்குக் குரல் இல்லை" என்று தயங்க வேண்டாம். பத்துக் குரலுக்கு நடுவே யார் குரலும் தனியாகத் தெரியாது, அதுதான் சௌகரியம்! முதல் நாள் உதட்டை மட்டும் அசைத்தாலும் போதும்.

* "அம்மா, ஏன் அழறே?" என்று குழந்தை கேட்டால் தூசி என்று சொல்லாதீர்கள். "பாப்பா ஞாபகம் வந்துது கண்ணு" என்று சொல்லுங்கள். குழந்தைக்கும் ஞாபகம் இருக்கிறது. அம்மா சொல்லாததால் அதுவும் சொல்லாமல் இருக்கிறது.

* சுற்றி இருப்பவர்களுக்கு: அவள் அழுததைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, சாமி கூப்பிடறார், இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா" என்று இழுக்காதீர்கள். நிறுத்தியவளைப் பார்த்து யாரும் முறைக்காததால்தான் பாடகர் குழு பாடகர் குழுவாக இருக்கிறது.

* பாட்டு நல்ல துணை. வைத்தியத்துக்கு மாற்று இல்லை. தூக்கம், பசி இரண்டும் வாரக்கணக்கில் இல்லை என்றாலோ, எழுந்து வேலை செய்யவே முடியவில்லை என்றாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

உங்களுக்கும் இப்படி ஒரு பாட்டு இருக்குமானால் எனக்கு எழுதுங்கள். எந்தக் கோயில், எந்த மதம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, அப்போது மனசில் யார் வந்தார்கள் என்று எழுதுங்கள், போதும்.

அடுத்த இதழில், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்குக் காலை ஆகாரத்தில் சலிப்புத் தட்டாமல் என்ன கொடுக்கலாம் என்று பார்ப்போம்.